பத்து லட்சம் இல்லாதவருக்கு இடர் எடுக்கும் உரிமை இல்லையா?

கேள்வி: கதிரவன், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு தனிநபர் எந்த நிதியில் முதலீடு செய்யலாம், எதில் செய்யக் கூடாது என்பதை அவர் கையில் இருக்கும் பணத்தின் அளவைக் கொண்டு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி முடிவு செய்கிறது. அந்த முறை நியாயமானதுதானா என்று இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்க விரும்புகிறேன்.

விலை ஏறும் என்று நம்பும் பங்குகளை வாங்கி, இறங்கும் என்று கணிக்கும் பங்குகளை முன்கூட்டியே விற்று, இரு பக்கமும் நிலை எடுக்கும் நிதிகள் நம் நாட்டில் நெடுங்காலம் மூன்றாம் வகை மாற்று முதலீட்டு நிதிகளாக மட்டுமே இருந்தன. அந்த நிதிகளுக்கான விதிமுறைகள் 2012இல் வந்தபோதே குறைந்தபட்ச முதலீடு 1 கோடி ரூபாய் என்று வைத்துவிட்டார்கள். ஒருவரின் முதலீடுகளைத் தனியாக நிர்வகித்துத் தரும் பி.எம்.எஸ். எனப்படும் போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவையில் 5 லட்சமாக இருந்த வரம்பு 2012இல் 25 லட்சமாகவும், 2020இல் 50 லட்சமாகவும் உயர்ந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறப்பு முதலீட்டு நிதி, அதாவது எஸ்.ஐ.எஃப்., பரஸ்பர நிதிக்கும் பி.எம்.எஸ்.ஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பும் என்றார்கள். அதில் ஈட்டுப் பாதுகாப்பு இல்லாத, அதாவது இழப்பை ஈடுகட்ட எதிர்நிலை எதுவும் எடுக்காத, விற்பனை நிலைகளை நிதியின் சொத்தில் 25 சதவீதம் வரை எடுக்க அனுமதி உண்டு. அதற்கும் ஒரு நிறுவனத்தில் ஒருவர் 10 லட்சம் போட்டாக வேண்டும்.

நான் ஒரு நிதி நிறுவனத்தின் இடர் கணக்கீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பங்கு, குறியீடு ஆகியவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களான ஃபியூச்சர், ஆப்ஷன் ஆகியவற்றின் விலை எப்படி உருவாகிறது என்பதைக் கணக்கிடுவது என் அன்றாட வேலை. என் சேமிப்பு ஏறத்தாழ 15 லட்சம். அதில் 1 லட்சத்தை மட்டும் இத்தகைய நிதியில் வைத்துப் பார்க்கலாம் என்பதே நிதானமான முடிவு என்று நினைக்கிறேன். ஆனால் விதி என்னிடம் சொல்வது, 10 லட்சம் போடு, இல்லையேல் விலகிப் போ என்பதுதான். போட்டால் என் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். என்னைக் காப்பதற்கென்று வந்த விதி, நான் எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாத ஒதுக்கீட்டை நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறது.

மறுபக்கத்தைப் பாருங்கள். இதே நான் இன்று மாலைக்குள் ஒரு தரகரிடம் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொடுத்து, ஆப்ஷன் வர்த்தகப் பிரிவைத் திறந்துகொண்டு, அடுத்த வாரத்துக்குள் முழுப் பணத்தையும் தொலைத்துவிடலாம், தடுக்க ஆளில்லை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இந்தப் பிரிவில் வர்த்தகம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது என்று செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில் சொன்னது. அவர்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று அறிவித்தவர்கள். தொழில்முறை மேலாளர் நடத்தும் நிதிக்குப் பூட்டு. தன் கையாலேயே ஆப்ஷன் வாங்கி அழிந்துபோவதற்குத் திறந்த வாசல். இரண்டுக்கும் காவலர் ஒருவரே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஸ்.ஐ.எஃப். விற்பவர், ஃபியூச்சர், ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் குறித்து என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வாங்குபவர் அதே தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றிருந்தாலும் பயனில்லை. அவருக்குப் பணம்தான் தகுதி. அறிவை அளக்க ஒரு கருவி கைவசம் இருக்கும்போது பணத்தை ஏன் அளக்கிறார்கள்?


பதில் 1: சோமசுந்தரம், திருச்சி

கதிரவன் அவர்களுக்கு வணக்கம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வரம்பு உங்களைப் போன்றவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டு நீங்கள் வாதிடுகிறீர்கள். பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த விதியின் முனை வாங்குபவர் பக்கம் திரும்பியிருப்பதாகத் தோன்றும், உண்மையில் அது விற்பவரைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. தானாகத் தேடிப் போய், விதிமுறை ஆவணத்தைப் படித்து, 1 லட்சம் மட்டும் வைக்கிறேன் என்று வருபவர்கள் கிளைக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். மற்றவர்கள் எல்லோரும் யாரோ ஒருவர் விற்றதால் வாங்கியவர்கள். குறைந்தபட்சம் 5,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்துவிட்டால் அது மறுநாளே கிளை மேலாளரின் மாத இலக்கில் ஏறிவிடும். 1 கோடி என்றால் ஏறாது. வரம்பு செய்யும் வேலை அவ்வளவுதான், ஆனால் அது சிறிய வேலை அன்று.

யெஸ் வங்கியின் ஏடி-1 கடன் பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். நிரந்தரத் தன்மை கொண்ட, வங்கி நெருக்கடிக்கு உள்ளானால் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்படக்கூடிய பத்திரங்கள் அவை. 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள பத்திரங்கள் ஒரே நாளில் தள்ளுபடி ஆயின. அவற்றைத் தனிநபர்களுக்கு விற்ற முறையை விசாரித்து 2021 ஏப்ரலில் செபி பிறப்பித்த ஆணையில் உள்ள கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. 1,346 தனிநபர்கள் ஏறத்தாழ 679 கோடி ரூபாய் போட்டிருந்தார்கள். அவர்களில் 1,311 பேர் அந்த வங்கியின் வாடிக்கையாளர்களே. 277 பேர் தங்கள் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டு, 80 கோடி ரூபாயை இதற்கு மாற்றியிருந்தார்கள். வைப்புத் தொகையைப் பாதியில் உடைத்து நிரந்தரப் பத்திரம் வாங்க வேண்டும் என்று எந்த முதியவரும் தானாக யோசிக்க மாட்டார். அங்கே நடந்தது சுதந்திரமான தேர்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விற்பவரின் வருமானம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் முதலீட்டாளரின் பணமும் திரும்பும் என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. 2009 ஆகஸ்டில், முகவர் கமிஷனுக்கு வழியாக இருந்த பரஸ்பர நிதிகளின் நுழைவுக் கட்டணத்தை செபி ஒழித்தது. முதலீட்டாளருக்கு நல்ல செய்தி என்று எல்லோரும் எழுதினார்கள். முகவர்களில் பலர் முதலாண்டுக் கமிஷன் கொழுத்திருந்த, முதலீடும் காப்பீடும் கலந்த யூலிப் பக்கம் போய்விட்டார்கள், வாடிக்கையாளர்களையும் கூடவே அழைத்துக்கொண்டு. அது 2010 ஏப்ரலில் 14 காப்பீட்டு நிறுவனங்கள் யூலிப் விற்பதற்கு செபி தடை போடுவது வரைக்கும், பிறகு மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து யூலிப்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் கொடுப்பது வரைக்கும் போனது. இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் எல்லைச் சண்டை போட்ட அந்த மாதங்களில் யூலிப் வாங்கியவர்களிடம் யாரும் எந்தச் சுதந்திரத்தைப் பற்றியும் பேசவில்லை.

ஆகவே, பணத்தை ஏன் அளக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் விடை, விற்பனைப் படையை எட்ட முடியாத உயரத்தில் பொருளை வைப்பதற்கு அதைவிட மலிவான வழி அவர்களுக்குத் தெரியவில்லை என்பதே. அது முரட்டுத்தனமான வழி என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை.


பதில் 2: அருள்மொழி

சோமசுந்தரம் ஐயாவின் பதிலை மதிப்போடு படித்தேன். ஆயினும் அவர் சொன்ன நிகழ்வே அவர் வாதத்துக்கு எதிராகப் பேசுகிறது.

ஏடி-1 பத்திர விற்பனையில் தவறு செய்தது வங்கி. அதற்காக செபி 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சரி. ஆனால் அதற்கும் முன்பே, 2020 அக்டோபரில், இத்தகைய பத்திரங்களின் குறைந்தபட்ச ஒதுக்கீட்டை 1 கோடியாக உயர்த்தி, நாட்டிலுள்ள அத்தனை சிறு முதலீட்டாளர்களுக்கும் கதவைச் சாத்தியாயிற்று. பொய் சொல்லி விற்றவருக்கு அபராதம். பொய்யில் சிக்காதவருக்கும் தடை. இதிலே எது தண்டனை, எது பாதுகாப்பு? அதே பத்திரங்களைப் பெரிய பரஸ்பர நிதி நிறுவனங்களும் வாங்கி வைத்திருந்தன, அவையும் இழந்தன. கோடிகளை ஆளுபவருக்குப் புரியாத இடர் ஒன்று, கோடி வைத்திருக்கும் தனிநபருக்கு மட்டும் எப்படிப் புரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பூர்விக நிலத்தை விற்று 1 கோடி கைக்கு வந்த ஒருவரைச் சட்டம் விவரமானவர் என்று கருதுகிறது, கதிரவனைக் கருதவில்லை.

அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர் என்ற தகுதியை 2021இல் செபி கொண்டுவந்தது, அந்தத் தகுதி பெற்றால் குறைந்தபட்ச வரம்புகள் தளர்த்தப்படும் என்றார்கள். ஆர்வத்தோடு விதியைப் படித்தால், ஆண்டு வருமானம் 2 கோடி, அல்லது நிகரச் சொத்து 7.5 கோடி, அதில் பாதி நிதிச் சொத்துகளாக இருக்க வேண்டும் என்று போகிறது. 1 கோடி போட முடியாதவருக்காக வந்த சலுகையைப் பெற 7.5 கோடி வேண்டும். இதை எழுதியவர்கள் சிரிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது, வரம்பு இல்லாத இடம் பாதுகாப்பானது என்ற மயக்கத்தையும் இந்த முறை உண்டாக்குகிறது. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் நிதித் திட்டங்களை மூடியது. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே ‘அல்ட்ரா ஷார்ட்’ என்று இருந்தது. மிகக் குறுகிய காலக் கடன் என்றால் வங்கி வைப்புக்கு அடுத்த வீடு என்றுதான் மக்கள் எண்ணினார்கள். உள்ளே தரக் குறியீடு குறைந்த நிறுவனங்களின் பத்திரங்கள் நிறைந்திருந்தன. யாரும் சில ஆயிரம் ரூபாயில் நுழையக்கூடிய சாதாரணத் திட்டங்கள் அவை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்களின் 25,000 கோடிக்கும் மேற்பட்ட தொகை முடங்கியது. சென்னையிலிருந்து இயங்கும் ஒரு முதலீட்டாளர் அமைப்பும் நீதிமன்றம் சென்றது. திட்டத்தை மூடும் முன் யூனிட் வைத்திருப்பவர்களின் பெரும்பான்மை ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூடிய நாளில் இருந்த சொத்து மதிப்பைவிட அதிகமான தொகையே பிற்பாடு பகுதி பகுதியாகத் திரும்பி வந்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மருத்துவமனைச் செலவுக்கென்று அதில் வைத்திருந்தவருக்கு அது ஆறுதல் ஆகாது.

அந்தக் காலத்துக்குப் பிறகு உருப்படியாக நடந்தது, திட்டத்தின் இடர் அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டரில் வந்த மாற்றம்தான். 2021 ஜனவரி முதல், திட்டத்தின் வகையைப் பார்த்துப் பொதுவாக முத்திரை குத்துவதை விட்டு, உள்ளே இருக்கும் பத்திரங்களைக் கணக்கிட்டு மாதந்தோறும் ஆறு நிலைகளில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு வேண்டிய ஒழுங்குமுறை இதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள், வெளியேறும் வழியை அடைக்காமல் இருக்கச் செய்யுங்கள். அதற்கு மேல் என் பணத்தைப் பற்றி நான் முடிவெடுக்கிறேன்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிரிப்டோ சந்தையில் 100 ரூபாய்க்கும் வாங்கலாம். 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும் பரிமாற்றத்துக்கு 1 சதவீதப் பிடித்தமும் வசூலிக்கும் அரசு, அந்தச் சந்தைக்குக் காவலர் ஒருவரை நியமிக்கவில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டபோது முதலீட்டாளர்கள் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. அதற்கும் அப்பால் ஆருத்ரா போன்ற மோசடி நிதி நிறுவனங்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட இடத்தை அடைத்தால் ஆசை ஒழுங்குமுறை இல்லாத இடத்துக்குப் போகும்.


பதில் 3: சுபத்ரா

அருள்மொழி அவர்களின் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன், ஏனென்றால் அது எல்லா விவாதங்களிலும் சொல்லப்படுகிறது, யாரும் சரிபார்ப்பதில்லை.

ஆருத்ராவில் பணம் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாற்று முதலீட்டு நிதியின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அல்லர். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்கள். தாங்கள் இடர் எடுக்கிறோம் என்ற எண்ணமே அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் பணம் வந்ததைப் பார்த்துப் போட்டார்கள். 2,438 கோடி ரூபாய் வசூலான அந்த விவகாரத்தையும், தன் சேமிப்பில் ஒரு சிறு பங்கை விற்பனை நிலை எடுக்கும் நிதியில் வைக்க விரும்பும் இடர் கணக்காளரின் குறையையும் ஒரே நூலில் கோப்பது பொருந்தாது. எஸ்.ஐ.எஃப். வரம்பை நாளையே 500 ரூபாயாக்கினாலும் மாதம் 30 சதவீதம் கேட்பவர் அங்கே வரப் போவதில்லை.

சுதந்திரம் பற்றிய வாதத்தில் எனக்கு வேறொரு தயக்கம் இருக்கிறது. நஷ்டம் முழுவதையும் வாங்கியவரே ஏற்றுக்கொள்வார் என்றால் நான் அருள்மொழி பக்கம் நிற்பேன். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தபோது தெருவுக்கு வந்தவர்களின் அழுத்தத்தால்தான் 1997இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. இன்றும் பொருளாதாரக் குற்றப் பிரிவுக் காவலர்களின் நேரம், சிறப்பு நீதிமன்றங்களின் நேரம், சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலம் விடும் வருவாய் அலுவலர்களின் நேரம் எல்லாம் பொதுப் பணத்தில்தான் கழிகின்றன.

இங்கிலாந்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. லண்டன் கேப்பிடல் அண்ட் ஃபைனான்ஸ் என்ற நிறுவனம் ‘மினி பாண்ட்’ என்ற பெயரில் கடன் பத்திரங்களை விற்று 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஏறத்தாழ 23.7 கோடி பவுண்டு திரட்டி, 2019 ஜனவரியில் சரிந்தது. அந்தப் பத்திரங்கள் ஒழுங்குமுறைக்கு வெளியே இருந்தன; ஆனால் நிறுவனம் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான நிதி நடத்தை ஆணையத்திடம் அனுமதி பெற்றிருந்தது. அந்த அனுமதி விளம்பரத்துக்கு அணிகலனாக உதவியது. முடிவில் பிரிட்டிஷ் அரசே ஒரு தனித் திட்டம் கொண்டுவந்து, இழந்த முதலில் 80 சதவீதத்தை, ஒருவருக்கு 68,000 பவுண்டு என்ற உச்சவரம்போடு வழங்கியது. அந்தப் பத்திரத்தைத் தொடாதவர்களும் தங்கள் வரிப்பணத்தால் அதற்கு விலை கொடுத்தார்கள். லாபம் தனியார், நஷ்டம் பொது என்றால் அதைச் சுதந்திரம் என்று அழைப்பதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

அதன் பிறகு அந்த ஆணையம் எடுத்த முடிவு சோமசுந்தரம் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறது. 2021 ஜனவரி முதல் அவர்கள் நிரந்தரமாகத் தடை செய்தது, ஊக வகை மினி பாண்டுகளைச் சாதாரண மக்களிடம் பெருவாரியாக விளம்பரப்படுத்துவதை. இந்தியாவில் வரம்பு என்ற சுற்று வழியில் செய்வதை அங்கே நேராகவே சொல்லிவிட்டார்கள்.


பதில் 4: இளவேனில், சிங்கப்பூர்

அறிவை அளப்பது பற்றிக் கதிரவன் கேட்டதற்கு இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன்.

2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, அதோடு பிணைக்கப்பட்ட கட்டமைப்புப் பத்திரங்களை வாங்கியிருந்த ஏறத்தாழ பத்தாயிரம் சிங்கப்பூர்வாசிகள் பணத்தை இழந்தார்கள். ஓய்வுபெற்ற முதியவர்கள் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். இங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான நாணய ஆணையம் பத்து நிதி நிறுவனங்களுக்கு அத்தகைய பத்திரங்களை விற்க 2009இல் தற்காலிகத் தடை விதித்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 2012 முதல் சிக்கலான பொருள்களை வாங்குவதற்கு முன் வாடிக்கையாளரின் அறிவை மதிப்பிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நிதி சார்ந்த படிப்பு இருக்கலாம். கடந்த பத்தாண்டில் தொடர்ந்து மூன்று ஆண்டு அத்துறையில் வேலை செய்திருக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் ஆறு முறையாவது அதே வகைப் பொருளை வாங்கி விற்றிருக்கலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பொருள்களுக்கு எதுவும் இல்லாதவர் இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதித் தகுதி பெறலாம். கதிரவன் இங்கே இருந்திருந்தால் அவருடைய வேலையே அவரை உள்ளே விட்டிருக்கும்.

ஆனால் இதை மிகையாகப் புகழ வேண்டாம். ஆறு முறை வாங்கி ஆறு முறையும் நஷ்டப்பட்டவரும் அனுபவசாலி என்ற கணக்கில் தேறிவிடுவார். தேர்வையும் விடை சரியாகும்வரை மீண்டும் எழுதலாம். தனியார் நிதிகளுக்கோ இங்கும் பணமே தகுதி: ஆண்டு வருமானம் 3 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அல்லது நிகரச் சொத்து 20 லட்சம் வெள்ளி, அதில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை 10 லட்சத்துக்கு மேல் கணக்கில் சேர்க்க முடியாது. ஓர் அம்சம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. 2019 முதல், தகுதி இருந்தாலும் ஒருவர் தானே எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டால்தான் அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளராக நடத்தப்படுவார். எந்தெந்தப் பாதுகாப்புகளை அவர் விட்டுக்கொடுக்கிறார் என்பதை நிறுவனம் முதலில் விளக்கியாக வேண்டும்.

ஐரோப்பாவில் திசை வேறு. நீண்டகால முதலீட்டு நிதிகளில் சிறு முதலீட்டாளருக்கு இருந்த 10,000 யூரோ குறைந்தபட்ச வரம்பை 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பொருத்தம் பார்க்கும் பொறுப்பு விற்பவர் தலையில்.


கதிரவனின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. வரம்பு விற்பவரை நோக்கியது என்ற சோமசுந்தரம் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. விற்பவரைக் கட்டுவதுதான் நோக்கம் என்றால், யாரும் விற்காமல் தானாக நேரடித் திட்டத்தில் வாங்க வருபவருக்கு அதே வரம்பு எதற்கு? எஸ்.ஐ.எஃப்.பில் இடைத்தரகர் இல்லாத நேரடித் திட்டம் உண்டு. முகவர் வழியாக வருபவருக்கு 10 லட்சமும், நேரடியாக வருபவருக்கு வேறொரு முறையும் வைப்பதில் என்ன தடை?

அந்த வேறொரு முறை என்பதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. குறைந்தபட்சத்துக்குப் பதிலாக அதிகபட்சம் வையுங்கள். இங்கிலாந்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட முதலீட்டாளர் என்ற வகையில் வருபவர், தன் நிகரச் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இத்தகைய பொருள்களில் போட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு வாங்கலாம். 2023 முதல் ஒரு நிறுவனத்தில் முதல் முறை வாங்குபவர் 24 மணி நேரம் பொறுத்திருக்கவும் வேண்டும். அங்கே அந்த அறிவிப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. இங்கே சரிபார்க்க முடியும். பான் எண்ணை வைத்து, ஒருவரின் பரஸ்பர நிதி யூனிட்டுகளும் டீமேட் கணக்கில் உள்ள பத்திரங்களும் ஒரே அறிக்கையில் வருவது 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கி இருப்பை, பல நிறுவனங்களில் உள்ள கணக்கு விவரங்களைத் திரட்டித் தரும் கணக்குத் திரட்டி (அக்கவுண்ட் அக்ரிகேட்டர்) அமைப்பு வழியாக, வாடிக்கையாளரின் ஒப்புதலோடு பெறலாம். ஆக 15 லட்சம் வைத்திருப்பவர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி கணினியில் இருக்கிறது. இன்றைய விதி அதற்கு நேர் எதிராக, 10 லட்சத்துக்குக் குறைந்து போடக் கூடாது என்கிறது.

ஆப்ஷன் வர்த்தகத்திலும் இதே கோளாறுதான். 2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தினார்கள், ஒரு சந்தைக்கு வாரந்தோறும் ஒரு குறியீட்டு ஒப்பந்தமே முடிவடையலாம் என்றும் குறைத்தார்கள். வர்த்தகம் செய்பவர்கள் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 2024-25இலும் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். தனிநபர்களின் நிகர நஷ்டம் 74,812 கோடியிலிருந்து 1,05,603 கோடியாக உயர்ந்தது. நுழைவு விலையை ஏற்றினால் சிலர் விலகுகிறார்கள், விலகாதவர்கள் இன்னும் பெரிய தொகையோடு நிற்கிறார்கள். சந்தையின் போக்கும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதை முடிந்த தீர்ப்பாகச் சொல்லவில்லை.


பதில் 5: சோமசுந்தரம், திருச்சி

அதிகபட்ச வரம்பு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கம், நிலம், ஊரில் கொடுத்த கைக்கடன் ஆகியவை எந்த அறிக்கையிலும் வராது என்றாலும், அவற்றை விட்டுவிட்டு நிதிச் சொத்துகளை மட்டும் அடிப்படையாக வைத்தால் கணக்கு குறைவாகவே வரும். அது முதலீட்டாளருக்கு நல்லதுதான். ஆனால் ஒப்புதல் படிவம் என்று ஒன்று இருக்கும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் கிளைகளில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். கைப்பேசிச் செயலியில் அது ஒரு கட்டத்தைத் தொடுவதாகச் சுருங்கிவிடும். நேரடித் திட்டம் என்று பெயர் இருந்தாலும், அதன் பின்னால் சமூக ஊடகத்தில் பரிந்துரைத்தவர் ஒருவர் இருப்பார். அவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். கணினியே கணக்கிட்டு மறுக்க வேண்டும், மனிதர் அறிவிப்பை நம்பக் கூடாது என்றால் மட்டும் உங்கள் முறை நிற்கும்.

விதி மாறும் வரையில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அந்த 10 லட்சம் ஒரே திட்டத்துக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் எல்லா எஸ்.ஐ.எஃப். திட்டங்களிலும் சேர்த்து, பான் எண் அளவில்தான் அது கணக்கிடப்படுகிறது. அதே நிறுவனத்தின் சாதாரணப் பரஸ்பர நிதிகளில் இருப்பது அதில் சேராது. சந்தை இறங்கி மதிப்பு 10 லட்சத்துக்குக் கீழ் போனால் குற்றமில்லை. ஆனால் நீங்களாகப் பகுதிப் பணத்தை எடுத்து வரம்புக்குக் கீழ் கொண்டுவந்தால், அவகாசத்துக்குள் சரிசெய்யாதபோது மீதி யூனிட்டுகளும் விற்கப்பட்டு நீங்கள் முழுவதுமாக வெளியேற்றப்படுவீர்கள். அவசரத்துக்கு 1 லட்சம் எடுக்கப் போய் முழு முதலீட்டையும் தவறான நேரத்தில் முடித்துக்கொள்ள நேரிடலாம். 15 லட்சம் சேமிப்பு உள்ளவர் விலகி நிற்க இந்தப் பிரிவே போதிய காரணம்; 40 லட்சத்தைத் தாண்டும் வரையில் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். அதுவரை, பெரும்பாலும் ஈட்டுப் பாதுகாப்புக்காக டெரிவேட்டிவ் பயன்படுத்தும் ஈக்விட்டி சேவிங்ஸ் வகைப் பரஸ்பர நிதிகளில் உங்கள் 1 லட்சத்தை வைத்து, மேலாளர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று மாதாந்திர அறிக்கைகளில் பார்த்துவரலாம்.


பதில் 6: அருள்மொழி

ஐயா, நீங்கள் 40 லட்சம் என்று சொன்னதும் ஒரு வரம்புதான்! ஆனால் அதை நான் கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் போகலாம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நேரமாக வாதிடுகிறேன். கதிரவன், அதிகபட்ச வரம்பு பற்றிய உங்கள் யோசனையை செபி அடுத்த முறை கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போது எழுதி அனுப்புங்கள். பொதுமக்கள் கருத்துக்கு அவர்கள் கால அவகாசம் தருகிறார்கள். விற்பனை நிறுவனங்கள் தவறாமல் எழுதுகின்றன, 15 லட்சம் வைத்திருப்பவர்கள்தான் எழுதுவதில்லை. வரைவைத் தயாரித்து இங்கே இட்டால், கணினி மறுக்கும் முறை பற்றிய பத்தியை நான் எழுதித் தருகிறேன்.